டயர் பார்க்கும் படலம்

பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு ரகம். ஒருவர் அதில் வாழைத்தார் ஏற்றுவார். இன்னொருவர் அதற்கு டயர் பார்ப்பார். நான் சொல்ல வந்தது இரண்டாமவரை.

கோயம்புத்தூரில் இவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பம்பு செட், மோட்டார், நூல் என்று ஏதாவதொரு தொழில். இல்லையென்றால் சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் உத்தியோகம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். குடும்பம் ஏறி இறங்க வசதியாக ஒரு கார் ஏற்கெனவே வாசலில் நிற்கும். ஆனாலும் 2016-இல் இசுசு வி-கிராஸ் வந்தபோது, முன்பாதி காரும் பின்பாதி லாரியுமாக இருந்த அந்த வண்டியிடம் நம்மாள் மனசைப் பறிகொடுத்துவிட்டார். சில வருஷம் யோசித்து ஒன்றை வாங்கியும்விட்டார். ஃபோர் வீல் டிரைவ். பின்னால் பெரிய தொட்டி. அந்தத் தொட்டியில் இன்று வரை ஏறிய ஒரே சரக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அம்மா வண்டியில் ஏறுவதற்கு அது வேண்டும்.

நோய் தொற்றுவது பெட்ரோல் பங்கில். டீசல் போட்டுக்கொண்டிருக்கும்போது இதே வண்டி வைத்திருக்கும் இன்னொருவர் பக்கத்தில் வந்து நிற்பார். "வண்டிய நல்லா வெச்சிருக்கீங்க" என்பார். அப்புறம் பார்வை மெல்லக் கீழே இறங்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னும் கம்பெனி டயர்தானுங்களா?" என்பார். அவ்வளவுதான். அன்று ராத்திரி நம்மாளுக்குத் தூக்கம் போச்சு.

கம்பெனி டயரில் ஒரு குறையும் கிடையாது. அவினாசி ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும். மழையில் பிரேக் அடித்தால் நிற்கும். தார் ரோட்டுக்கென்றே பட்டனை நெருக்கமாக வைத்துச் செய்தது. நம்மாள் ஓட்டுவதும் தார் ரோட்டில்தான். ஆனால் அதற்கு 'ஹைவே டெரெய்ன்' என்று பெயர். ரோட்டில் ஓடும் வண்டிக்கு ரோட்டு டயர் என்பது அவருக்குக் கேவலமாகப் படுகிறது. அவருக்கு வேண்டியது 'ஆல் டெரெய்ன்'. மண், மணல், சேறு, பாறை, பனி எல்லாவற்றுக்கும் அது ஆகும். பனி என்றால் மார்கழிக் காலையில் ஊட்டிப் புல்வெளியில் படிகிறதே, அது கணக்கில் வராது. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்த முத்திரை இருக்கும். கடும்பனி பெய்யும் நாடுகளுக்கென்று வைத்த பரீட்சையில் அந்த டயர் தேறிவிட்டதற்கு அடையாளம். அந்த முத்திரை இல்லாத டயரைச் சிங்காநல்லூரில் குடியிருக்கும் நம்மாள் கையால் தொடமாட்டார்.

தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூடப் பத்துப் பொருத்தத்தில் ஆறு இருந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தவர், டயர் விஷயத்தில் பத்துக்குப் பத்து கேட்கிறார். அவரிடம் தெரியாத்தனமாக 'என்ன சைஸ்?' என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உட்கார வைத்துச் சொல்லுவார். வண்டியோடு வந்தது 255/60 ஆர் 18. அகலம் 255 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் அறுபது சதவீதம். உள்ளே இருக்கும் வீல் பதினெட்டு அங்குலம். ஊரில் உள்ள மற்ற பிள்ளைகளெல்லாம் பதினாலு அங்குல வீலைக் கழற்றிப் பதினாறு போடும்போது, நம்மாள் பதினெட்டைக் கழற்றிப் பதினேழு போடப் போகிறார். வீல் சின்னதானால் ரப்பர் சுவர் உயரமாகும். கல்லில் இடித்தாலும் வீல் அடிபடாது. மணலில் காற்றை இறக்கி ஓட்டலாம். நியாயமான காரணம்தான். கல்லும் மணலும் எங்கே என்பதுதான் பாக்கி.

அவர் கண் வைத்திருக்கும் சைஸ் 265/70 ஆர் 17. காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவார். பழைய டயரின் மொத்த உயரம் 763 மில்லிமீட்டர், புதியது 803. "நாப்பது மில்லிமீட்டர் உசரங்க!" ஆனால் அச்சுக்கு மேலே பாதி, கீழே பாதி, வண்டி தரையிலிருந்து எழும்பப்போவது வெறும் இருபது மில்லிமீட்டர்தான். இந்தப் பாதிக் கணக்கை அவர் யாரிடமும் சொல்வதில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிடும். "என்னடா, ஸ்டூலு குட்டையாயிருச்சு?" என்பார்.

டயர் முடிவானால் வீல். இங்கே பொருத்தம் இன்னும் கடுமை. ஆறு நட்டு; அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஐந்தரை அங்குலம். நடு ஓட்டை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். அப்புறம் ஆஃப்செட். நம்மாள் பேச்சில் ஒரு நாளைக்கு அதிகமாக வரும் சொல் இதுதான். ஆஃப்செட் குறையக் குறைய வீல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பார்க்கக் கம்பீரம். ஆனால் மட்கார்டைத் தாண்டி வந்த டயர், மழைக்காலத்தில் ரோட்டுச் சேற்றையெல்லாம் வாரி நம்மாள் கதவிலேயே அடிக்கும். போதாக்குறைக்கு, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் வேறு, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் கறக்கலாம், உள்ளேயும் தள்ளலாம் என்கிறது. இதைச் சொன்னால், "எல்லாரும் போட்டிருக்காங்கல்ல?" என்பார். சட்டத்துக்கு நம் ஊரில் சொல்லப்படும் ஒரே பதில்.

டயர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரனுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையே இல்லை. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் பொம்மை செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று நாடு முழுக்க டயர் விற்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ, தேர்வாய் கண்டிகையில் மிச்சலின் என்று சென்னையைச் சுற்றி ஆலைகள். உலகத்துக்கே டயர் அனுப்பும் ஊர்க்காரர் நம்மாள். அவருக்கோ கப்பலில் வந்த டயர்தான் வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து அதில் தட்டுப்பாடு. தட்டுப்பாடு வந்ததிலிருந்து ஆசை இரட்டிப்பு. "ஸ்டாக் இல்லீங்க" என்று கடைக்காரர் சொன்னால் முகம் வாடும். "ரெண்டு மட்டும் இருக்குங்க" என்றால் அதைவிட வாடும்.

வீட்டில் அனுமதி வாங்குவது தனிக் கலை. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. நம்மாள் அன்று காலையிலேயே சமையலறை வாசலில் போய் நின்றார்.

"டயருக்கு வரியக் கொறச்சுட்டாங்க. இப்ப வாங்குனா பத்து பர்சென்ட் மிச்சம்."

"வாங்காட்டி நூறு பர்சென்ட் மிச்சமுங்க" என்றார் வீட்டம்மா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

கடைசியில் யார் ஜெயித்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் அனுபவசாலி. முதல் கேள்வியே குத்தலாக வந்தது.

"ஏனுங்ணா, தோட்டத்துக்கு ஓட்டறீங்ளா?"

"மாமனாருக்குத் தோட்டம் இருக்குதுங்க."

"வழி எப்படிங்?"

"கேட்டு வரைக்கும் தார் ரோடு."

கடைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை. டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அப்போதுதான் நம்மாளின் உண்மையான திறமையைப் பார்த்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் பக்கச்சுவரைத் தடவி, கடைசி நாலு எண்ணைத் தேடிப் பிடித்தார். 2423 என்று இருந்தால் 2023-ஆம் வருஷம் இருபத்துநாலாவது வாரம் தயாரானது. ரப்பருக்கும் வயசு உண்டு. ஓடாமல் கடையில் கிடந்தாலும் இறுகும். நம்மில் எத்தனை பேர் நம் வண்டி டயரின் வயசைப் பார்த்திருக்கிறோம்? அவரை எவ்வளவு கேலி செய்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மரியாதை கொடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம் வந்தது தீராத பிரச்சினை: வெள்ளை எழுத்து வெளியே தெரிய வேண்டுமா, உள்ளே போக வேண்டுமா? இந்த டயர்களில் ஒரு பக்கம் பெயர் வெள்ளையாகப் புடைத்து நிற்கும், மறுபக்கம் கறுப்பு. கறுப்பை வெளியே வைத்தால் அடக்கமாக இருக்கும், ஆனால் என்ன டயர் என்று பங்கில் எவனுக்கும் தெரியாது. வெள்ளையை வைத்தால் தெரியும். அப்புறம் அதைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்காரப் பையன் சோப்புத் தண்ணீர் தடவிய டயரை மெஷினில் ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்த நேரத்தில் பஞ்சர் பார்க்க ஒரு குட்டியானை வந்து நின்றது. தொட்டி நிறைய வெங்காய மூட்டை. டிரைவர் இறங்கி வந்து நம்மாள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எவ்வளவு லோடுங்க ஏத்துவீங்க?"

நம்மாள் பதில் சொல்லாமல் பையனிடம் திரும்பி, "வெள்ளை வெளிய" என்றார்.

புது டயரில் அந்த வெள்ளை எழுத்தின் மேல் ஒரு நீலப் பூச்சு இருக்கும், வழியில் அழுக்காகாமலிருக்க. வீட்டுக்கு வந்து பழைய டூத்பிரஷை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அதைக் கழுவினார். எழுத்துக்குள் வரும் சின்ன வளைவுகளைக்கூட விடவில்லை. அன்று மத்தியானம் சாப்பாடு ஆறிப்போனது.

மாற்றிய பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசியது; பிளாஸ்டிக்கை வெட்டினார்கள். எழுபதைத் தாண்டினால் ஒரு ஊளைச் சத்தம். பாட்டை உயர்த்தி வைத்தார். ஸ்பீடாமீட்டர் நூறு காட்டும்போது வண்டி நிஜமாக நூற்றைந்தில் போகிறது. மைலேஜ் விழுந்தது. வீட்டம்மா பில்லை நீட்டியபோது நம்மாள் அசரவில்லை. டயர் பெரிசானதால் ஓடிய கிலோமீட்டரை மீட்டர் குறைத்துக் காட்டுகிறது, ஆகவே மைலேஜ் தோன்றுமளவுக்குக் குறையவில்லை என்று விளக்கினார். கணக்குப்படி ஐந்து சதவீதம் உண்மை. மிச்சத்துக்கு அவரிடம் விளக்கமில்லை.

இனி ஓட்ட வேண்டுமே, எங்கே? காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டி விட்டால் வனத்துறை கேஸ் போடும். வால்பாறை நாற்பது வளைவும் கொல்லிமலை எழுபது வளைவும் தார் ரோடு. அரசு பஸ் ஏறுகிறது. யோசித்து யோசித்துத் தனுஷ்கோடிக்குக் கிளம்பினார். ஒரு காலத்தில் கடைசி சில கிலோமீட்டருக்கு மணலில் வேன்காரர்கள்தான் கூட்டிப்போவார்கள். காற்றைக் குறைக்க மீட்டர், திரும்ப அடிக்கக் கம்ப்ரெஸர், மாட்டிக்கொண்டால் இழுக்க வார் என்று சகல ஏற்பாடுகளுடன் நம்மாள் போய்ச் சேர்ந்தார். அரிச்சல்முனை வரைக்கும் பளபளவென்று ரோடு. 2017-லேயே திறந்துவிட்டார்கள். மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மணல் பாதை எங்கே என்று விசாரித்தார். "மண்ணுல எதுக்கு சார் போறீக, அதான் ரோடு கெடக்குல்ல?" என்றார் அவர்.

பரந்த பூமியில் நம்மாளுக்கு வாய்த்த ஒரே கரடுமுரடான நிலம், பாதாள சாக்கடைக்காகத் தோண்டி மூடாமல் விட்ட அவருடைய சொந்தத் தெரு. மழை பெய்த ஒரு காலையில் அதில் ஃபோர் வீல் போட்டு இறங்கினார். மண்ணை வாரி, பள்ளத்தில் தாழ்ந்து, எழும்பி, பிரமாதமாகவே போனது வண்டி. பக்கத்திலேயே இரண்டு பால் கேன் கட்டிய ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் அதே பள்ளத்தில் இறங்கி ஏறி முந்திக்கொண்டு போனது. பால்காரர் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் ஓரமாப் போங்ணா" என்றார்.

அந்தத் தெருவிலேயே ஒரு கம்பி குத்திப் பஞ்சரானது. அடியில் தொங்கிய ஸ்டெப்னியை இறக்கியபோதுதான் தெரிந்தது, வாங்கியது நாலு. ஐந்தாவது பழைய பதினெட்டு அங்குலக் கம்பெனி டயர். அதை மாட்டி வீடு வரை மெதுவாகப் போகலாம். ஆனால் ஃபோர் வீல் போடக்கூடாது. உயரம் வேறான டயர் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், வினை கியரில் வந்து முடியும்.

ஆகவே இந்தப் பாதையில் இறங்கப் போகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளை எழுத்து உள்ளேயோ வெளியேயோ, உங்கள் இஷ்டம். வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் அந்த நாலு எண்ணைப் பாருங்கள். பெரிய டயர் ஸ்டெப்னி இடத்தில் ஏறுகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.