சூரியன் இலவசம், துடைக்கத்தான் காசு

நம்மூரில் ஜன்னல் கண்ணாடி துடைப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டவர் வீடுகளை நம்பினால் பட்டினிதான். நம் ஜன்னலுக்கு முதலில் கம்பி, பிறகு கொசுவலை, அதற்கும் உள்ளே திரைச்சீலை. கண்ணாடி என்று ஒன்று இருப்பதே போகிக்கு முந்தின நாள்தான் ஞாபகம் வரும். பழைய பேப்பரை நனைத்து நாலு இழுப்பு இழுத்தால் அடுத்த மார்கழி வரை அந்தப் பேச்சே கிடையாது. ஆகவே இந்தத் தொழில்காரர்கள் சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் கயிறு கட்டித் தொங்கித்தான் பிழைக்கிறார்கள்.

அப்படித் தொங்குகிற ஒரு தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, "சார், உங்க சோலார் பேனல்ல மேல் வரிசை ஓரத்துல காக்கா எச்சம் இருக்கு" என்றார்.

வாசலில் நிற்கிறவருக்கு மொட்டை மாடி எப்படித் தெரியும்? அவர் திரும்பி நின்று, தூரத்தில் மின்னுகிற ஐ.டி. கம்பெனிக் கட்டடத்தைக் காட்டினார். "அதுல பதினோராவது மாடி துடைக்கிறப்போ பார்த்தேன், சார்."

அந்தரத்தில் தொங்கிக்கொண்டே எங்கள் பெருங்குடி முழுவதற்கும் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறார். எந்தெந்த வீட்டில் பேனல் இருக்கிறது, எது நரைத்துப்போயிருக்கிறது, எந்த வீட்டில் அதன்மேலேயே போர்வையைக் காயப்போடுகிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்படியொரு மார்க்கெட்டிங் ஆள் கிடைக்க அந்தக் கட்டடத்துக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேரை இன்டர்வியூ செய்திருப்பார்களோ. ஆள் கண்ணாடிக்கு வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டு மாடி சோலாருக்கான சூர்ய கர் திட்டத்தை அறிவித்து, 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்று சொன்ன பிறகு எங்கள் தெருவில் பேனல் போடாதவர்களுக்குப் பெண் கொடுக்க யோசிக்கும் நிலைமை. நாங்களும் ஆறு பேனல் போட்டோம். மாட்டிவிட்டுப் போனவர்கள், "ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா போதும்" என்று ஒற்றை வரியில் பராமரிப்பு உபதேசத்தை முடித்துவிட்டார்கள். மாடியில் நடமாட இடம் வேண்டும் என்று ஸ்டாண்டை எட்டடி உயரத்தில் நிறுத்தியதும் அவர்களேதான். எட்டடி உயரத்தில் சாய்ந்திருக்கிற பலகையின் தலைமாட்டில் பக்கெட் தண்ணீரை எப்படி ஊற்றுவது என்பதை நம் கற்பனைக்கே விட்டுவிட்டார்கள்.

ஜன்னலில் அழுக்கென்றால் விருந்தாளி பார்ப்பார், மானம் போகும். பேனல் அழுக்கு யார் கண்ணிலும் படாது. இன்வெர்ட்டரோடு வந்த ஆப்பில் பச்சைக் கோடு கொஞ்சம் தணிந்து ஓடும்; நாம் மேகத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத அழுக்கைக் காட்டிக் காசு வாங்க வேண்டிய தொழில் இது. தம்பி அதற்கு வைத்திருந்த உபாயம் எளிமையானது. "ஆப்பைத் திறங்க சார். போன வருஷம் இதே மாசம் எவ்வளவு யூனிட், இப்ப எவ்வளவு, பாருங்க." பார்த்தேன். உடனே, "எப்ப வர்றீங்க தம்பி?" என்றேன்.

விடிகாலை ஆறு மணிக்கு வந்தார். வெயில் ஏறிய பிறகு பேனல் கொதிக்கும், அதில் திடீரென்று பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடிக்கு ஆகாது. போதாக்குறைக்குத் தண்ணீர் உடனே காய்ந்து கறை தங்கிவிடும் என்றார். இன்வெர்ட்டரை அணைக்கச் சொன்னார். அணைத்த பிறகும் தொடவில்லை. கண்ணாடியில் எங்காவது விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் படுகிறவரை பேனலில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் வீட்டைப்போல் ஆறையும் தொடராக இணைத்திருந்தால் அது 200 வோல்ட்டைத் தாண்டும். விரிசல் உள்ள பேனலில் தண்ணீர் விடுகிறவர் தன் இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒருமுறை படித்துவிட்டு வருவது நல்லது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பெல்ட் மாட்டி, ஹெல்மெட் போட்டு, கயிற்றை மாடிப்படி அறையின் தூணில் கட்டினார்.

"பதினோரு மாடி ஆளுக்கு எட்டடிக்குக் கயிறா?"

"பதினோரு மாடியில பயம் இருக்கும் சார், எவனும் கயிறில்லாம இறங்க மாட்டான். எங்க ஆளுங்க கைகால் ஒடிச்சுக்கிட்டதெல்லாம் இந்த மாதிரி எட்டடி பத்தடியிலதான்."

பேனல்மேல் காலையே வைக்கவில்லை. மேலே ஏறி நின்றால் கண்ணாடி தாங்கினாலும் உள்ளே இருக்கிற சிலிக்கான் செல்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுமாம். ஏணியில் நின்றபடி, நீளக் கம்பின் நுனியிலிருந்த மெத்தென்ற பிரஷை நீட்டினார். சோப்புத் தூள் கிடையாது, தேங்காய் நார் கிடையாது, கம்பி நார் பேச்சையே எடுக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில்தான் என் மனைவி குறுக்கே வந்தாள். எங்கள் போர் தண்ணீரைத் தொட மாட்டேன் என்றார் தம்பி. உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும், பிறகு அந்தத் திட்டை எடுக்கத் தனியாக ஒரு பாடு. பிரிட்டனில் ஜன்னல் துடைப்பவர்கள் உப்பை முழுக்க நீக்கிய தண்ணீரைக் கம்பு வழியாகவே பாய்ச்சி, ஈரத்தைத் துடைக்காமல் விட்டுவிடுகிறார்கள். கறையில்லாமல் தானே காய்ந்துவிடும். இவரும் ஃபில்டர் செய்த தண்ணீரைக் கேன் கேனாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னங்க, நாம உப்புத் தண்ணி குடிக்கிறோம், அதுக்கு மட்டும் நல்ல தண்ணியா?"

தம்பி சட்டைப்பையிலிருந்து தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற, பேனா அளவிலான ஒரு டி.டி.எஸ். மீட்டரை எடுத்துப் போர் தண்ணீரில் விட்டார். ஆயிரத்தைத் தாண்டியது. குடிநீருக்கு இந்திய தர நிர்ணயம் விரும்பத்தக்க அளவாக வைத்திருப்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதோடு பேனல் சுத்தம் நின்றுபோனது. மனைவி சமையலறைத் தண்ணீரைக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலிருந்து ஒரு டம்ளரை நீட்டினார். எதிர்வீட்டுக்காரர் தாம் வாங்குகிற கேன் தண்ணீரோடு படியேறி வந்தார். ஏழு மணிக்குள் எங்கள் மொட்டை மாடி ஒரு பரிசோதனைக் கூடமாகிவிட்டது. சூரியன் இதையெல்லாம் பொருட்படுத்தாமல் ஏறிக்கொண்டிருந்தான்.

பேனல் துடைப்பதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நாசா 2018இல் செவ்வாயில் இறக்கிய இன்சைட் கலம் 2022 டிசம்பரில் அடங்கிப்போனதற்குக் காரணம், அதன் பேனல்களில் படிந்த தூசி. துடைக்க ஆள் அனுப்ப முடியாது. 2021 மே மாதம் அதன் இயந்திரக் கையால் செவ்வாய் மண்ணையே அள்ளிப் பேனல் பக்கமாகக் காற்றில் தூவினார்கள். காற்றில் போகிற மணல் தூசியையும் தட்டிக்கொண்டு போகும் என்று கணக்கு. பித்தளைப் பாத்திரத்தை மண் போட்டுத் தேய்த்த எங்கள் பாட்டியின் வழிதான். பலித்தது. ஒரு நாளைக்கு 30 வாட்-அவர் கூடுதலாகக் கிடைத்தது. புது மாதிரி சிக்கன ஃபேன் ஒன்று ஒரு மணி நேரம் சுற்றும். அதற்கே விஞ்ஞானிகள் குதூகலித்தார்கள். இவ்வளவு தூரம் போகாமல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்குப் போனால், 2016இல் அமைத்த 648 மெகாவாட் நிலையத்தில் சுமார் 25 லட்சம் பேனல்களை ரோபோக்கள் துடைக்கின்றன. ஆறு பேனல்காரனுக்கு ரோபோ கட்டுப்படியாகாது, செவ்வாய் மண்ணும் கிடைக்காது. தம்பிதான் கதி.

வேலை முடிந்ததும் மனைவி, "அப்படியே நம்ம ஜன்னலையும் துடைச்சிடுங்களேன்" என்றாள். தம்பி கீழே வந்து ஜன்னலைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார், கொசுவலையைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவே குளவி கட்டியிருந்த கூட்டையும் பார்த்தார். "ஜன்னல் வேலை நான் வெளியிலேர்ந்து தொங்கித்தான்மா செய்வேன்" என்றார்.

அதன்பின் அவள் கணக்குப் போட உட்கார்ந்தாள். 3 கிலோவாட்டுக்கு நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் போலக் கிடைக்கும். தூசியால் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று வைத்தால் 1.2 யூனிட். ஈ.பி. பில் வருகிற இரண்டு மாதத்துக்கு 72. யூனிட் 5 ரூபாய் என்றால் 360 ரூபாய். தம்பியின் கூலி பேனலுக்கு 60 வீதம், ஆறுக்கு 360. சூரியன் கொடுக்கிறான், தம்பி வாங்கிக்கொள்கிறார், நடுவில் மாடிக் கதவைத் திறந்துவிடுவது நாங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையாவது இலவசமாகக் கழுவுமே என்றாள். கழுவும்தான்; ஆனால் சென்னைக்குப் பேனலை லேசாகத்தான் சாய்த்து வைப்பார்கள். வழிந்து வருகிற சேறு கீழ்ச் சட்டத்தில் தேங்கி, கடைசி வரிசைச் செல்களின்மேல் கோடு போட்டுவிடும்.

"தூசியை விடுங்கம்மா, காக்கா எச்சம்தான் வில்லன்" என்றார் தம்பி. அது உண்மை. செல்கள் எல்லாம் தொடராகக் கோத்தவை. தூசி எல்லாச் செல்லையும் சமமாக மங்கவைக்கும். எச்சமோ ஒரே செல்லில் உட்கார்ந்துகொள்ளும். மறைந்த செல் மின்சாரம் தராததோடு, மற்றவை தருவதையும் வாங்கித் தானே சூடாகிக்கொள்ளும். நாளாக நாளாகக் கருகும். அதைத் தடுக்கப் பேனலில் மூன்று டையோடுகள் உண்டு. நிழல் அதிகமானால் அவற்றில் ஒன்று திறந்து மின்சாரத்தைச் சுற்றிவிடும். கூடவே பேனலின் மூன்றில் ஒரு பங்குக்கு விடுமுறை.

"காக்கா இங்க ஏன் இவ்வளவு வருதுன்னுதான் புரியலை" என்றார் தம்பி, கைப்பிடிச் சுவரில் இருந்த வாழையிலைத் துண்டைப் பார்த்துக்கொண்டே.

மனைவியின் முகம் மாறியது. தினம் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் இந்த வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. அமாவாசை என்றால் வடை, பாயசத்தோடு. சாப்பிட்டுவிட்டு முன்னோர்கள் இளைப்பாற, அந்த வட்டாரத்திலேயே உயரமான, சாய்வான, தெற்குப் பார்த்த இடம் எங்கள் பேனலின் மேல் விளிம்புதான். "மாமனாரை வேற எங்கயாவது போய் உட்காருங்கன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்றாள் என்னைப் பார்த்து. இலையை வடக்குச் சுவருக்கு மாற்றிப் பார்த்தோம். முன்னோர்கள் அங்கே சாப்பிட்டுவிட்டு, இளைப்பாறப் பறந்து தெற்கே வந்தார்கள்.

தம்பி தினசரிக் காலண்டரைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். "மாசா மாசம் அமாவாசைக்கு மறுநாள் காலையில ஆறு மணிக்கு வந்துடறேன்மா. வருஷ கான்ட்ராக்ட், ரேட்டு பார்த்துப் போட்டுக்கலாம். ஆடி, புரட்டாசி, தை மூணுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா ஆகும். அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியா வரும், இல்லையா?"