ஒற்றை போல்ட்டுக்கு எத்தனை காவல்!

நம்முடைய உயிர்மேல் நம்மைப் பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக அக்கறை கொண்டவர்கள் இந்த நாட்டில் கார் கம்பெனிக்காரர்கள்தான். நான் சொல்லவில்லை. டெல்லியில் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் அவர்களே சொன்னார்கள். உதிரிபாகத்தையும் ஸ்கேன் கருவியையும் தெருவோர மெக்கானிக்கிடம் கொடுத்தால் கண்டபடி மாட்டிவிடுவான், வண்டி கெடும், ஜனங்களுக்கு ஆபத்து என்று உருகினார்கள். அந்தப் பாசத்துக்கு விலைச்சீட்டும் இருந்தது. உதிரிபாகங்களைப் பெரும்பாலும் 100 சதவீதத்துக்கு மேல், சிலவற்றை 5,000 சதவீதம் வரைகூட ஏற்றி விற்றிருக்கிறார்கள் என்று விசாரணை சொன்னது. பெற்ற தாய் இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் நாம் பால்குடி மறப்பதற்கு முன்பே கடனில் இருந்திருப்போம்.

இங்கே நாஞ்சில் நாட்டில் இந்தப் பாசம் எப்படிப் பொழிகிறது என்று பார்ப்போம். டி.என். 74 வண்டி ஒன்று. காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறது, மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு. டீலரிடம் கொண்டுபோனால் கண்ணாடி அறை, ஏசி, பேப்பர் கப்பில் காப்பி. இஸ்திரி மடிப்புக் கலையாத தம்பி ஒருவர் டேப்லெட்டோடு வருவார். "சார், கேம்ஷாஃப்ட் சென்சார் போயிருக்கு." அத்தோடு நிறுத்தினால் அவருக்கு மாத டார்கெட் யார் கொடுப்பது? ஸ்கேனிங் சார்ஜ், லேபர், கன்சூமபிள்ஸ். வந்தது வந்தாச்சு, எஞ்சினுக்குள் ஒரு டீகார்பனைசிங், ஏசிக்கு ஒரு கிருமிநாசினி, அடியில் ஒரு கோட்டிங். சளிக்கு மருந்து கேட்டுப் போனவனுக்குக் குடல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் வேகம். வெளியில் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் திறந்தால் தம்பியின் முகம் துக்க வீட்டு முகமாகிவிடும்: "வாரண்டி போயிடும் சார்."

அதே வண்டி வடசேரிப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் அண்ணாச்சி பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "பத்தாம் நம்பர் போல்டு ஒண்ணாக்கும். இதுக்குப் போயி அவனுக்க கிட்ட எதுக்குவே போனீரு?"

ஆம், பல வண்டிகளில் அந்தச் சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். அண்ணாச்சிகூட வேண்டாம், வீட்டு முற்றத்தில் நீங்களே செய்யலாம். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனை சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் சின்ன ப்ளூடூத் கருவியும் போனில் ஒரு செயலியும் போதும். பி0340 என்று கோடு வந்துவிடும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தக் கோடு சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை, அதன் மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. எங்கள் மாவட்டத்தில் பாதி வீட்டுக்கு உப்புக்காற்று, மீதி வீட்டுக்கு வயல் எலி. கனெக்டர் முனையில் பச்சை படிந்திருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், மல்டிமீட்டர் வைத்து வயரைச் சோதியுங்கள். வயர் சரியாக இருந்தால்தான் சென்சார். எஞ்சின் ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கனெக்டர் லாக்கை மெதுவாக அமுக்கி இழுத்து, போல்ட்டைத் திருகி எடுத்தால் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புப் பொருள் கையோடு வரும். பார்ட் நம்பரைச் சரிபார்த்து, புதியதின் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி உள்ளே அமுக்கி, போல்ட்டை அளவாக முறுக்கி, கோடை அழித்தால் வேலை முடிந்தது. காப்பி மட்டும் நீங்கள்தான் போட்டுக் குடிக்க வேண்டும்.

இத்தனைக்கும் இந்தச் சென்சாரைப் பெரும்பாலும் கார் கம்பெனி செய்வதில்லை. பாஷ், டென்சோ போன்றவர்கள் செய்து கொடுப்பது. கார் கம்பெனி செய்வது அட்டைப்பெட்டி.

குளச்சலிலும் முட்டத்திலும் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஆடும் வள்ளத்தில் அவுட்போர்டு எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கிற மனுஷன் இருக்கிறான். அவன் கையில்தான் அவன் உயிர். அவனே கரைக்கு வந்து கார் பானட்டைத் திறந்தால் பாதுகாப்புக்கு ஆபத்து என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள்.

ஒருவர் 2011-இல் இந்த அநியாயத்தை ஆணையத்துக்குக் கொண்டுபோனார். 2014 ஆகஸ்ட் 25-இல் உத்தரவு வந்தது: 14 கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம். டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி, மாருதிக்கு 471 கோடி. உதிரிபாகத்தையும் ஸ்கேன் கருவியையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய் என்றது ஆணையம். வெளியில் பழுதுபார்த்தான் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை போடக் கூடாது என்றும் எழுதியது. எழுதிப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. துக்க முகத் தம்பிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

சுசீந்திரம் கோயிலில் முன்பு கைமுக்கு என்றொரு வழக்கம். குற்றம் சாட்டப்பட்டவன் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும், வெந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் மகாராஜா அதை ஒழித்தார். அந்தக் கொடுமையிலும் ஒரு முடிவு இருந்தது, கை வெந்தது யாருக்கென்று ஊருக்குத் தெரிந்தது. இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று படியேற, நெய்யில் கை விட்டுக்கொண்டிருப்பது நாம்.

2016-இல் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் விஷயத்தில் தவறு தவறுதான் என்றது; அபராதத்தை மட்டும் மொத்த விற்பனையை விட்டு உதிரிபாக வியாபாரத்தின் அளவில் கணக்கிடச் சொல்லிச் சுருக்கியது. மறுவருஷம் அந்தத் தீர்ப்பாயமே கலைக்கப்பட்டு அதன் வேலை வேறொன்றிடம் போனது. அபராதப் பட்டியலில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், உத்தரவு வருவதற்கு முன்பே அம்பாசிடருக்குக் கொள்ளி வைத்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் விற்பனையை முடித்துக்கொண்டது, 2021-இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கம்பெனிகள் சாகின்றன, வழக்குக்கு மட்டும் ஆயுசு கெட்டி.

அரசாங்கம் சும்மா இருந்ததா? இருக்குமா! 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில், பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்துவைத்தார்கள். கார், மொபைல், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி என்று நான்கு துறை. கம்பெனிகள் தாமாக முன்வந்து விவரம் போடலாமாம். பூட்டியவனிடமே சாவியைத் தானமாகக் கேட்கும் பெருந்தன்மை! அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே சட்டம் போட்டு, டீலருக்குக் கொடுக்கும் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கொடு என்றது. நமக்கு இணையதளம் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

ஏர்பேக், பிரேக் ஏபிஎஸ் பக்கம் வீட்டில் கை வைக்காதீர்கள். அது தெரிந்தவன் வேலை. போலி பார்ட் சந்தையில் இருப்பதும் உண்மை. நல்ல சாமானை நேர்வழியில் கிடைக்கவிடாமல் பூட்டி வைத்துப் போலிக்காரனுக்குக் கடை திறந்து கொடுத்தவர்கள், போலியைக் காட்டி நம்மைப் பயமுறுத்த வேண்டாம்.

அடுத்த தடவை மஞ்சள் விளக்கு எரிந்து கண்ணாடி அறையில் உட்கார நேர்ந்தால், ஸ்கேனில் வந்த கோடு என்னவென்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி போய்விடும் என்று சொன்னால் அதையும் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.