பெரியம்மாவின் சாமான் துண்டு

வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகனிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாகவே இறங்கி, எங்கள் ஊரான குருக்கள்மடத்தைக் கடந்துதான் தெற்கே போகவேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம், அதில் ஒரு பெருந்தெரு. அதனால் அடுத்தவர் மூட்டையை நோட்டம் விடும் வசதி எங்கள் ஊர்க்காரருக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. வடக்கிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு தோள்பை, ஒரு தண்ணீர்ப் போத்தல், நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்துகொள்கிறவர்களோ வீடு மாறுகிறவர்கள் போல வருவார்கள். பக்தியில் ஏற்றத்தாழ்வு ஒன்றுமில்லை. முன்னவர்கள் வாரக்கணக்கில் நடந்து, வேண்டாததை எல்லாம் வழியிலேயே தானம் பண்ணிவிட்டார்கள். பின்னவர்கள் இப்போதுதான் அலுமாரியைத் திறந்திருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு ஒரு நேர்த்தி. துணைக்கு நான். ஆகவே சாமான் துண்டு எழுதும் பொறுப்பும் என்னுடையதானது. ஒரு ஏ4 தாள் எடுத்தேன். எங்கள் ஊருக்கு நடுவே போகும் வீதியின் பெயரும் ஏ4தான். அது கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் எல்லாம் சுற்றிக்கொண்டு மட்டக்களப்புக்கு வருகிறது. என் துண்டு அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டு சாரம், இரண்டு சேட், துவாய், டோர்ச், தீப்பெட்டி, அரிசி, பருப்பு, உப்பு, ஒரு சட்டி, சித்தாலேப, பனடோல், ஜீவனி, தண்ணீர்க் கேன். பெரியம்மாவுக்கு இரண்டு சேலை. அரைத் தாளில் முடிந்தது.

மீதி அரைத் தாள் வெறுமையாகக் கிடந்ததுதான் வினை. பக்கத்தில் பேனையும் இருந்தது. மாமி வந்து குடை எழுதினார். மச்சாள் பவர் பாங்க் எழுதினாள். யாரோ அடையாளம் தெரியாத கையெழுத்தில் தலையணை. அம்மம்மாவுக்குக் கண் தெரியாது என்பதால் பேரனைப் பிடித்து இருத்தி, திருவலை என்று எழுதுவித்தார்.

“காட்டுக்குள்ள தேங்காய்க்கு எங்க போற அம்மம்மா?”

“அதையும் எழுது மனே.”

எழுதப்பட்டது. நான் வெட்டினேன். மறுநாள் வேறு மையில் இரண்டும் திரும்பி வந்திருந்தன. எதை வெட்டப் போனாலும் பெரியம்மாவிடம் ஒரே கேள்விதான். “மறுகா தேடக்குள்ள இல்லாட்டி என்னகா செய்யிற?” இதற்குப் பதில் சொல்லும் தர்க்க சாஸ்திரம் இன்னும் எழுதப்படவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன், ஊர் ஊராய்ச் செய்தி சேகரிக்கப் போன காலத்தில், அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு பயணச் சாமான் பட்டியல் ஒட்டிவைத்திருந்தார். 1979இல் வந்த ‘த வைட் அல்பம்’ என்ற புத்தகத்தில் அதை அப்படியே கொடுத்திருக்கிறார். சிகரெட், விஸ்கி, தட்டச்சு இயந்திரம் எல்லாம் உண்டு. கைக்கடிகாரம் மட்டும் இல்லை. போன இடத்தில் நேரம் கேட்டு ஹோட்டல் வரவேற்பறைக்கு ஓயாமல் போன் பண்ணுவாராம். வீட்டில் மாமி, மச்சாள் எவரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. திறந்திருந்தால் கடிகாரம் ஏறியிருக்கும். விஸ்கி இறங்கியிருக்கும்.

பொத்துவில் வரைக்கும் எந்தத் துண்டும் தேவையில்லை என்பதே உண்மை. கல்லாறு, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று வழிநெடுகக் கோயில்கள். படுக்க மண்டபமும் சாப்பிடச் சோறும் கிடைக்கும். வேண்டாம் என்றால் கோபிப்பார்கள். பாணமையும் தாண்டி உகந்தை முருகன் கோயிலடிக்குப் போனபிறகுதான் துண்டுக்குச் சோதனை. ஆடித் திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் காட்டுப் பாதையைத் திறந்துவிடுவார்கள். கூமுனைக் காடு, கும்புக்கன் ஓயா, பிறகு யால, கடைசியில் மாணிக்க கங்கை. இடையில் கடை கிடையாது. யானையும் கரடியும் உண்டு, அவை வியாபாரம் செய்வதில்லை. இப்போது அங்கங்கே தண்ணீர்த் தாங்கி வைக்கிறார்கள் என்றாலும் அதை நம்பி வெறுங்கையோடு நடக்க முடியாது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கேனில் ஐந்து கிலோ. மணலில் கால் புதையப் புதைய அது பத்தாகும்.

உருப்படியான துண்டு எழுத வேண்டுமானால் எழுதுகிற கையும் தூக்குகிற தோளும் ஒரே ஆளுடையதாக இருக்கவேண்டும். எங்கள் துண்டை எழுதிய கைகளில் பாதி அந்நேரம் குருக்கள்மடத்தில் வாவிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

காட்டுக்குள் இரண்டாம் நாள் ஒரு அதிசயம் நடக்கும். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’. திடீரென்று ஒவ்வொரு சாமிக்கும் மற்றச் சாமியின் பசி தாங்க முடியாததாகிவிடும். “சாமி, கொஞ்சம் அரிசி எடுங்க.” “சாமி, பருப்பு கூடிப்போச்சு.” காட்டில் நடக்கும் அன்னதானத்துக்குப் பக்தி பாதி, தோள்வலி மீதி. பெரியம்மாவும் தாராளமாகக் கொடுத்தார். அரிசி போனது, தலையணை போனது, அம்மம்மாவின் தேங்காய்கள் யார் யாருடைய சம்பலுக்கோ போயின. திருவலையைக்கூட ஒரு சாமியம்மா நாலு நிமிடத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த நாலு நிமிடம் பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை முருகன்தான் மன்னிக்கவேண்டும். அவர் கொடுக்க மறுத்த ஒரே பொருள், காலியாகிவிட்ட தண்ணீர்க் கேன். எறியச் சொன்னாலும் கேட்கவில்லை.

“மறுகா தேவைப்படும் மனே.”

கதிர்காமத்தில் கும்பிட்டு முடிந்து, பஸ் எடுக்கும் நேரத்தில் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து இன்னொரு துண்டை எடுத்தார். எனக்குத் தெரியாமல் அக்கம்பக்கத்து வீடுகளில் கொடுத்துவிட்டது. தொதல், கற்கண்டு, திருநீறு, சின்னப் பிள்ளைகளுக்கு ஊதல். ஒவ்வொரு வீட்டுக் கணக்கின் கீழும் தவறாமல் ஒரு வரி: மாணிக்க கங்கைத் தண்ணி, ஒரு போத்தல்.

கேன் நிரம்பியது. பஸ்ஸில் கொண்டக்டர் அதைக் காலடியில் வைக்கச் சொன்னார். பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“தீர்த்தத்தக் காலுக்க வைக்க ஒண்ணா தம்பி. இவன்ட மடியில வைக்கிறன்.”