எல்லைக்கல் மாமா

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்கு எப்படியும் அவர் வந்துவிடுவார். எங்களுக்கு அவர் எல்லைக்கல் மாமா. "எந்தூரு தம்பி?" என்று ஊர் உலகம் கேட்கும். மாமா கேட்கமாட்டார். "சொல்லாதீங்க, நானே சொல்லிடுறேன்" என்பார்.

முதல் சோதனை காதுக்கு. பேச்சில் "நாலு ரோட்ல எறங்கி" என்று வந்தால் பெரம்பலூர். "பல்லவன் போயிடுச்சா?" என்று வந்தால் அரியலூர். பெரம்பலூருக்குத்தான் ரயிலே கிடையாதே, ரயிலை வைத்து நேரம் பார்க்கிறவன் வேறு எந்த ஊராக இருப்பான்?

அடுத்தது கண்ணுக்கு. காலரில் சாம்பல் பூத்திருந்தால் சிமெண்ட் ஆலை, அரியலூர். முழங்கையில் மக்காச்சோளச் சுணை பட்டுச் சொறிந்தால் பெரம்பலூர்.

மூன்றாவது பெயர். கலியபெருமாளா, கல்லங்குறிச்சிக் கோயில். அடைக்கலசாமியா, வீரமாமுனிவர் இருந்த ஏலாக்குறிச்சி. இரண்டும் அரியலூர்க் கணக்கு. திங்களும் வெள்ளியும் பார்த்து லீவு போடுகிறவன் மட்டும் பெரம்பலூர். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் நடை வழக்கமாகத் திறப்பது அந்த இரண்டு நாள்தான்.

போன வாரம் ஒரு பையன் சிக்கினான். பெயர் கலியபெருமாள். காலரில் சாம்பல். போனில் பல்லவனை விசாரித்தான்.

"அரியலூர்!" என்றார் மாமா, ஏலம் முடிக்கிற குரலில்.

"இல்லீங்க, பெரம்பலூர். ஆலைக்குத் தெனம் போய் வர்றேன். குலதெய்வம்தான் கல்லங்குறிச்சி."

"அம்மா எந்தூரு?"

"குன்னம் பக்கம். அதுவும் பெரம்பலூர் மாவட்டந்தாங்க."

"அரியலூர்ல இருக்கிற செந்துறையும் குன்னம் தொகுதிதானே? அப்ப நீங்க பாதி அரியலூர்!"

பையன் விடவில்லை. "நீங்க எந்தூருங்கய்யா?"

மாமா துண்டை எடுத்து முகம் துடைத்தார். ஊர், உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில்.

"பொறந்தப்ப திருச்சி மாவட்டம். 1995ல பிரிச்சாங்க, கல்யாணம் பெரம்பலூர் மாவட்டத்துல. 2001 ஜனவரியில அரியலூரைத் தனியா ஆக்குனாங்க, மக அந்த வருசம் பொறந்தா. 2002ல திரும்பச் சேத்துட்டாங்க, பையன் அடுத்த வருசம் பெரம்பலூர்ல பொறந்தான். 2007 நவம்பர்ல மறுபடி பிரிச்சு, இப்ப அரியலூர்."

"அத்தனை வீடு மாறுனீங்களா?"

"ஒரே வீடு தம்பி. திண்ணைகூட நகரல."

"அப்ப அக்கா அரியலூரு, தம்பி பெரம்பலூரா?"

மாமாவின் முகம் தெளிந்தது.

"அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். அவ பேசுறதுக்கும் அவன் பேசுறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்கிறீங்க!"