விழுந்தவர் எழுந்த கதை

என் மச்சினன் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனதிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் கோபுரங்களாக வந்து குவிகின்றன. கடைசியாக வந்தது லூசெர்ன் ஊரின் தண்ணீர்க் கோபுரம். எட்டுப் பட்டை, 34 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே உயரம், சுமார் 700 வருஷப் பழசு. ஆற்றுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. கஜானா, சிறை, சித்திரவதைக்கூடம் என்று எல்லா உத்தியோகமும் பார்த்திருக்கிறதாம். கீழே ஒரு கேள்வி வேறு: "நம்ம பக்கம் இப்படி ஒண்ணு உண்டா மச்சான்?"

பெண் எடுத்த வீட்டுக் கேள்வி. சும்மா விட முடியுமா? மனைவியோடு பட்டுக்கோட்டை பஸ் ஏறினேன்.

சேதுபாவாசத்திரம் பக்கம், சரபேந்திரராஜன்பட்டினத்தில், தென்னந்தோப்புகளைத் தாண்டிக் கடலோரமாக நிற்கிறது மனோரா. ஆறு பட்டை, எட்டு அடுக்கு, 23 மீட்டர் இருக்கும். "ரெண்டு பட்டை குறைச்சல்தான்" என்று மனைவி தம்பி பக்கமே பேசினாள். சுற்றிலும் மதிலும் அகழியும் உண்டு. நாங்கள் போன அன்று அகழிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

கட்டியவர் தஞ்சாவூர் மகாராஜா இரண்டாம் சரபோஜி. எதற்காக? நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட! அவன் விழுந்தது பிரான்சில். கோபுரம் எழும்பியது பட்டுக்கோட்டைக் கடற்கரையில். அப்போது மகாராஜாவிடம் நாடே கிடையாது. 1799-லேயே பிரிட்டிஷ் கும்பினியார் ஒப்பந்தம் போட்டு அதை வாங்கிக்கொண்டு, கோட்டையையும் மானியத்தையும் விட்டுவைத்திருந்தார்கள். மனிதர் முடங்கிவிடவில்லை, சரஸ்வதி மஹாலுக்குப் புத்தகம் சேர்த்தார், கண் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்தக் கோபுர விஷயத்தில்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

பிரிட்டிஷாரின் நண்பரும் துணைவருமான சரபோஜி என்று தொடங்கும் கல்வெட்டில் வருஷம் 1814. வருகிறவர்களோ "வாட்டர்லூ வெற்றிக்குக் கட்டினது" என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். வாட்டர்லூ நடந்தது 1815 ஜூன் 18. இங்கே கொண்டாடியது அதற்கு முந்தின வீழ்ச்சியை. 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்து எல்பா தீவுக்குப் போனானே, அதை. அந்த ஆள் வருஷம் திரும்புவதற்குள் தீவிலிருந்து நழுவி, 1815 மார்ச்சில் பாரிசில் மறுபடி உட்கார்ந்துவிட்டான். கப்பலில் வரவேண்டிய சேதி, கடைமடைக்கு மேட்டூர்த் தண்ணீர் வருகிற மாதிரி ஆடி அசைந்துதான் வந்திருக்கும். வந்த அன்று அரண்மனையில் என்ன பேசியிருப்பார்கள்?

"மகாராஜா, விழுந்தவர் எழுந்துட்டாராம்."

"பூச்சு வேலை?"

"முடிஞ்சுது."

"கல்வெட்டு?"

"வெட்டியாச்சு."

நல்லவேளை, வாட்டர்லூவில் வெல்லிங்டன் வந்து மானத்தைக் காப்பாற்றினார்.

உள்ளே படி குறுகல். எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் வயிற்றை எக்கித்தான் வழிவிட வேண்டும். 2004 சுனாமியில் அடிபட்டு, பிறகு செப்பனிட்ட கட்டடம். அப்படியும் சுவரில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள். ஒரு ஜோடியில் ஆண் பெயர் அப்படியே இருக்க, பெண் பெயரை யாரோ பொறுமையாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். நிலவரம் தெரிவதற்குள் வெட்டிவைக்கிற பழக்கம் ராஜாவோடு போகவில்லை. படம் எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். "லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காரைக்கால் விவகாரம். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சாவூர் ராஜாவிடம் வாங்கிய ஊர் அது. சண்டை நாளில் இங்கிலீஷ்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். நெப்போலியன் விழுந்து சமாதானம் ஆனதும், ஒப்பந்தப்படி பிரெஞ்சுக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 1954 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. தோற்ற கட்சிக்கு ஊர் திரும்பக் கிடைத்துவிட்டது. கோபுரம் கட்டி வாழ்த்தியவருக்கு நாடு திரும்பவில்லை. அவர் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் காலமானபோது, மிச்சமிருந்த ராஜா பட்டத்தையும் அந்த நண்பர்களே முடித்துவைத்தார்கள்.