கையில் ஜி.பி.எஸ்., காலில் நெருஞ்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொங்குநாட்டுக் கிராமத்துக்குள் பைக்கில் நுழையும் வெளியூர்க்காரர்கள் மூன்று வகை: பெண் பார்க்க வருபவர், பூமி பார்க்க வருபவர், கல் பார்க்க வருபவர். முதல் இருவரை ஊருக்குப் புரியும். மூன்றாமவர்தான் நம் ஆள். வாரத்தில் ஐந்து நாள் கோவை சரவணம்பட்டியில் கணினி முன்னால் குனிந்தவர், ஞாயிறன்று நொய்யல் கரை முள்ளுக்குள் போனைப் பார்த்தபடி குனிகிறார். பத்தடி கிழக்கே, ஐந்தடி வடக்கே, மறுபடி பத்தடி மேற்கே. ஆடு மேய்க்கும் பெரியவர் அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்பார்: “ஏனுங் தம்பி, எதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?” “இல்லீங்க, யாரோ ஒளிச்சு வெச்ச டப்பாவைத் தேடறேனுங்க.” இந்தப் பதிலுக்குப் பிறகு பெரியவர் நாலு பேருக்குப் போன் போடாவிட்டால்தான் அதிசயம். கெயில் எரிவாயுக் குழாய்க்கும் உயர்மின் கோபுரத்துக்கும் அளக்க வந்தவர்களோடு மல்லுக்கு நின்ற மண் இது. செயற்கைக்கோளைக் கேட்டு நடக்கிறவரை இங்கே யாரும் சும்மா விடமாட்டார்கள்.

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நிறுத்தியது. மே 3-ஆம் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். வாளிக்குள் பீன்ஸ் டப்பா ஒன்றும் இருந்தது. தேடிக் கண்டவர் உள்ளேயுள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். இதற்குக் கூட்டம் குறைவாகவும் கதை அதிகமாகவும் உள்ள இடம் தேவை. பழைய இடுகாடுகளைவிட இதற்குப் பொருத்தமான இடம் ஏது? அதனால்தான் நம் ஆளின் பார்வை நொய்யல் கரைக் கொடுமணல் பக்கம் திரும்புகிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். 1985 முதல் பல கட்டமாக அகழாய்வு நடந்த ஊர். கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் சூதுபவள மணிகளுமாக ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர்கள் படுத்திருக்கும் ஊர். இந்த ஆளை விரட்டக் கூடாது; அவருடைய டப்பாவை மட்டும் விரட்டியே ஆகவேண்டும் என்பதே என் கட்சி.

டப்பா ஏன் கூடாது? போன் காட்டும் இடம் நாலைந்து மீட்டர் முன்பின் இருக்கும். அந்த நாலைந்து மீட்டருக்குள் டப்பா எங்கே என்று தெரியாமல், வருகிறவர் ஒவ்வொருவரும் கல்லைப் புரட்டுவார். கல்வட்டம் என்பது சாந்து பூசிக் கட்டிய சுவர் அல்ல. எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பதே அங்கே சான்று. இருபது பேர் புரட்டினால் ஆய்வாளருக்கு மிஞ்சுவது கற்குவியல். அடுத்து, 1998 பிப்ரவரி 14-இன் தொடர் குண்டுவெடிப்பைப் பார்த்தது கோவை. இங்கே டேப் சுற்றிய அநாதை டப்பாவை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சட்டமும் சிரிப்பதில்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல்தான். 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும். எழுத்துக்கு எழுத்து படித்தால், டப்பாவிலுள்ள சாவிக்கொத்தையும் பொம்மைக் காரையும் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நம் ஆள் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

அப்படியானால் ஆளையும் சேர்த்தே விரட்டலாமே, இடுகாடு என்ன விளையாட்டு மைதானமா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் புலிகுத்திக்கல்லுக்குப் பூப்போட்டு, தீப்பாய்ந்த வீரமாத்தியைக் கும்பிட்டு, நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் ஊர்களில், செத்தவர்களைத் தேடிப் போவது அவமரியாதை ஆகாது. காடு திருத்தும் ஜே.சி.பி. கல்வட்டத்தை வாரிப்போகும்போது, நேற்று அது அங்கே இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். போன் நிறையப் படம் வைத்திருக்கும் நம் ஆளைவிட நல்ல சாட்சி கிடைக்காது. லொக்கேஷனைப் போட்டால் புதையல் தோண்டுகிறவன் வந்துவிடுவானே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊரறிந்த இடங்களோடு நிறுத்திக்கொள்ளட்டும். புதிதாக ஒரு கல் கண்ணில் பட்டால், தகவல் போகவேண்டிய இடம் தொல்லியல் துறை; வாட்ஸ்அப் குழு அல்ல.

டப்பா இல்லாமல் விளையாட்டு ஏது என்று அவர் முகம் வாடத் தேவையில்லை. இடத்தைப் பார்த்து ஒரு கேள்விக்கு விடை சொன்னாலே போதும் என்ற வகை அந்த விளையாட்டிலேயே உண்டு. கல்லறையில் பொறித்த ஆண்டைக் கூட்டிக் கழித்து வரும் எண்ணைக்கொண்டு, தள்ளியிருக்கும் வேறொரு இடத்தில் டப்பாவைத் தேடும் வகையும் உண்டு. கடைக்காரர் சம்மதித்தால் அந்த வேறொரு இடம் டீக்கடையாகவே இருக்கட்டும், வியாபாரமும் நடக்கும். எழுத்து மங்கியிருந்தால் மாவு பூசித் தேய்க்கவேண்டாம். சாயங்காலம் போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தானே எழும்பும். தோட்டக்காரரிடமோ தேவாலயக் கோயில்பிள்ளையிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போகட்டும். இடுகாட்டு வாசலில் அவர் விட்டுவிட்டுப் போகவேண்டியது அந்த டப்பாவை மட்டும்தான். அதன்பின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குனிந்து நிற்கலாம். படுத்திருப்பவர்களுக்கு ஆட்சேபம் இராது.