மூன்றரை டன்னுக்குள் ஒரு குடும்பம்

மியூனிக்,
ஆடி மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

முதலில் ஒரு மானப் பிரச்சினை. "லீவுக்குக் கேரவன் எடுத்துக்கிட்டு மலைக்குப் போறோம்" என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அவ்வளவுதான். சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று பொன்னேரியில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது. டீக்கடையில் "யார் ஹீரோயின்?" என்று கேட்கிறார்களாம். நீங்கள்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும். இது நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி இல்லை. வேன் சேஸிஸ்மேல் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் ஏற்றி வைத்த வண்டி. ஜெர்மன்காரன் இதை 'வோன்மொபில்' என்கிறான். வாடகைக்குத்தான் எடுக்கிறோம்.

உங்களுக்கு எழுதக் காரணம், இந்தக் குடும்பத்தில் மலையேறி வண்டி ஓட்டியவர் நீங்கள் ஒருவர்தான். பொன்னேரியில் பிறந்த எனக்கு மேடு என்றால் ஆரணியாற்றுக் கரை. அங்கிருந்து கிழக்கே பழவேற்காடு வரைக்கும் தோசைக்கல்தானே! நீங்கள்தான் கும்மிடிப்பூண்டியில் கம்பி லோடு ஏற்றித் திம்பம் வழியாக மைசூருக்குப் போனவர். பிளஸ் டூ லீவில் என்னைக் கிளீனர் சீட்டில் உட்கார வைத்து 27 கொண்டை ஊசி வளைவையும் எண்ணச் சொன்னீர்கள். பதினொன்றாவது வளைவில் வாந்தி எடுத்ததால் கணக்கு விட்டுப்போனது. அந்தக் கணக்கை இங்கே தீர்க்கப் போகிறேன்.

ஆஸ்திரியாவில் கிராஸ்கிளாக்னர் மலைப்பாதை என்று ஒன்று. 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி. நம் ஊட்டி–மசினகுடி கல்லட்டிப் பாதையிலும் சரியாக 36 தான், கவனித்தீர்களா? கிராஸ்கிளாக்னர், ஃபிரான்ஸ் வாலாக் என்ற எஞ்சினியர் போட்ட பாதை. 1930-ல் ஆரம்பித்து 1935 ஆகஸ்ட் 3-ம் தேதி திறந்தார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி வருகிற தேதி என்பதால் நாங்களும் அன்றைக்கே போவதாக இருக்கிறோம். புளிசாதம், எலுமிச்சைசாதம் கட்டியாகிறது. பெருகுவதற்குக் காவிரி இல்லை, பனிக்கட்டி உருகி ஓடுகிற தண்ணீர்தான்.

பாதை மலை முகட்டைத் தாண்டும் இடம் ஹோக்டோர், 2,504 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று பெண்ணிடம் சொன்னேன். "அப்ப அங்கேயே போயிருக்கலாமேப்பா" என்கிறாள். அவள் உங்கள் தங்கையின் பேத்தி, சந்தேகமே வேண்டாம்.

மூன்று வாரமாக வீட்டில் வரைபடப் போர். மிட்டர்ஸில் ஊரிலிருந்து லியன்ஸுக்குப் போகும் வழியில் ஃபெல்பர்டவர்ன் என்று 5 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை 1967-லிருந்தே இருக்கிறது. "மலையைக் குடைஞ்சு வெச்சிருக்கான், நீங்க ஏன் சுத்தி ஏறணும்?" என்கிறாள் உங்கள் மருமகள். நியாயமான கேள்வி, பதில் இல்லை. கடைசியில் போகும்போது கிராஸ்கிளாக்னர், திரும்பும்போது பிரென்னர் என்று சமாதானம் ஆயிற்று. பிரென்னர் 1,370 மீட்டர்தான். மோட்டார்வே. மலை பார்க்கப் போனால் லாரிதான் தெரியும். உங்களுக்குப் பிடிக்கும்.

ஊரில் வழி கேட்க ஒரு டீக்கடை போதும். இங்கே வண்டியின் உயரம், அகலம், எடை மூன்றையும் ஜிபிஎஸ்ஸில் போட்டால்தான் வழி சொல்லும். நினைத்த இடத்தில் தங்கவும் முடியாது. ஜெர்மனியில் ரோட்டோரம் நிறுத்தி ஓர் இரவு உள்ளே தூங்கினால் டிரைவர் களைப்பாறுகிறான் என்று விட்டுவிடுவார்கள். ஒரு நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டாலோ அது முகாம், குற்றம்! லாரியடியில் பாய் விரித்துப் படுத்த உங்களை இங்கே எந்தச் சட்டத்தில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை. கிராஸ்கிளாக்னர் பாதையையே இரவில் மூடிவிடுவதால் இருட்டுவதற்குள் மறுபக்கத்து ஹைலிகென்ப்ளூட் ஊருக்கு இறங்கிவிட வேண்டும்.

பெரிய தலைவலி எடை. என் கார் லைசன்சுக்கு 3,500 கிலோதான் எல்லை. ஒரு கிலோ கூடக்கூடாது. போன சனி, ஞாயிறு டேகர்ன்சே ஏரிக்கு ஒத்திகை போனபோது பேக்கிங் முழுக்க முடித்து எடைமேடையில் ஏற்றினேன். 3,560. ஜி.என்.டி. ரோட்டு எடைமேடையில் நீங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வீர்களோ அப்படி வைத்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மட்டும் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. எதை இறக்குவது என்று வீட்டில் பஞ்சாயத்து. அரிசி மூட்டை இருக்கட்டும், பையனின் சைக்கிள் இருக்கட்டும், குக்கர் கட்டாயம் இருக்கட்டும் (அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு சீக்கிரம் வேகாது). ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து எல்லோரும் ஒரே சமயத்தில் என் வயிற்றைப் பார்த்தார்கள். பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மிச்சத்துக்கு கிரைண்டர் இறங்கியது.

கிரைண்டர் இறங்கினாலும் அரைத்த மாவு கூட வந்தது. அலமாரிக் கொக்கியை மாட்ட மறந்தவன் நான்தான். முதல் ரவுண்டானாவில் திரும்பியதும் பின்னால் தொப்பென்று சத்தம். ஆறு மணி நேரம் புளித்த இட்லி மாவு, மூடியைத் தள்ளிக்கொண்டு, பாயாய், தலையணையாய், கடைசியில் பையனின் ஷூவுக்குள்ளும் போய் உட்கார்ந்திருந்தது. வாடகைக் கம்பெனி கொடுத்த லிஸ்டில் நாய் முடி, சிகரெட் வாசம் எல்லாவற்றுக்கும் அபராதம் போட்டிருக்கிறது. புளித்த மாவு இல்லை. அந்த மட்டும் பிழைத்தேன்.

வண்டி நிற்கும் இடம் சாய்ந்திருந்தால் தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடும், ராத்திரி ரத்தம் தலைக்கு ஏறும். அதற்கு மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்பு கொடுத்திருக்கிறார்கள். பையன் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு "இன்னும் ஏத்துப்பா" என்கிறான். நீங்கள் மேட்டில் நிறுத்தினதும் கிளீனர் கட்டையோடு பின் டயருக்கு ஓடுவானே, அந்த உத்தியோகம் இப்போது உங்கள் மருமகளுக்கு.

ஓட்டுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. "டேய், எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல எறங்கு. பிரேக்க நம்பாத, லைனர் சூடாச்சுன்னா அது உன் பேச்சைக் கேக்காது" என்று திம்பத்தில் சொன்னீர்கள். கிராஸ்கிளாக்னர் பாதையில் சரிவு 12 சதவீதம் வரை இருக்கிறது. அதனால் ஆட்டோமேட்டிக் வேண்டாம், கியர் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். இரண்டாவது போதுமா, சில வளைவுக்கு முதல் கியர் வேண்டுமா? மொத்த எடை 3,490 கிலோ, டீசல் வண்டி, முன் சக்கர இழுவை. வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்.

எலுமிச்சம்பழம் நாலு வாங்கிவிட்டேன், டயருக்கு ஒன்று. எடையில் சேர்த்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: அம்மாவிடம் டீக்கடை விஷயத்தைச் சொல்லிவிடாதீர்கள். ஹீரோயின் யார் என்று அடுத்து என்னிடம் கேட்பாள்.